பொன் கிடைத்தாலும்

செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தேன்.
புதன்கிழமை வந்தார்கள்,
நெப்ராஸ்காவிலிருந்து, வோபோரில் சகோதரர்கள்.
இரண்டு பேர், இரண்டு வண்டி.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம்.
எனக்குக் கிடைத்தது.

செவ்வாயன்று இந்த ஏரியைப் பார்த்திருக்க வேண்டும்.
வானம் ஈரச் சாக்குபோலத் தொங்கிற்று.
தெற்கிலிருந்து வெதுவெதுப்பாய்க் காற்று.
கடைச் சுவரில் காற்றழுத்தமானியின் முள்
மணிக்கு மணி சரிந்துகொண்டிருந்தது.
கல்யாணம் நிற்கப்போகிறதென்று
முன்கூட்டியே தெரிந்துவிட்ட பந்தி மாதிரி
மீன்கள் அவசர அவசரமாய்த் தின்றன.
இரை கழன்ற வெறும் முள்ளைக்கூட விடவில்லை.
புழு விற்கும் ஐலா
படகுத்துறையில் நின்றபடியே ஆறு பிடித்தாள்,
இடது கையில் காபியோடு.

இரவு பத்து மணிக்கு அது கடந்தது.
வானொலியில் குளிர்முகப்பு என்கிறார்கள்.
முகப்பு, சரி.
பின்கட்டில் என்ன இருக்கிறதென்று
யாரும் சொல்வதில்லை.
துடைத்துக் கவிழ்த்த நீலம்.
காதைக் கடிக்கும் வடமேற்குக் காற்று.
செப்டம்பரிலேயே படகுப் பலகையில் உறைபனி.
மேப்பிளில் ஒரே ஒரு கிளை மட்டும் சிவப்பு.
புகைப்படம் எடுக்க வந்திருந்தால்
கொடுத்த பணம் செரித்திருக்கும்.

முன்னால் மூத்தவன் ஆல்டன்.
நடுப்பலகையில் வெர்ன், அண்ணனுக்கு முதுகு காட்டி.
பின்னால் மோட்டாரோடு நான்.
'இடுக்கி வேண்டுமென்று அவனிடம் சொல்லுங்கள்.'
சொன்னேன்.
'பையில் இருக்கிறதென்று சொல்லுங்கள்.'
அதையும்.
அப்பாவின் விதைக்கடையை விற்பதா கூடாதா என்பது
எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை.
ஒன்பது மணிக்குள் தெரிந்துவிட்டது.

ஆல்டன் பளபளக்கும் தகட்டை வீசி வீசி இழுத்தான்.
கோடைக்காலக் கை.
ஏரி அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

மீன் எங்கும் போய்விடவில்லை, என்றேன்.
பாஸ் இப்போது பாசியின் வேரடியில்
ஒரு முழ இருட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
வயிறு காலியாகக்கூட இருக்கலாம்,
துரத்த மனமில்லை.
இரையைச் சின்னதாக்குங்கள், சுண்டுவிரல் அளவு.
மூக்குக்கு நேரே இறக்குங்கள்.
பிறகு ஒன்றும் செய்யாதீர்கள்.

'எவ்வளவு நேரம்?'

பொறுக்க முடியாமல் போகும்வரை.
அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம்.

பதினொன்று. பன்னிரண்டரை.
சாண்ட்விச்சைப் பிரிக்கும் காகிதச் சத்தம்.
வாத்துக்கூட்டம் ஒன்று
எங்களைப் பொருட்படுத்தாமல் தெற்கே போயிற்று.
வெர்ன் செல்போனை எடுத்துப் பார்த்தான்,
சிக்னல் இல்லை, அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவன் நரம்பு
நகர்ந்தது.
இழுப்பென்று சொல்ல முடியாது.
நனைந்த துணியைத் தூக்குவதுபோல் ஒரு கனம்,
பக்கவாட்டில், அரை அங்குலம்.
நான் பார்த்தேன்.
எனக்கு முன்பே ஆல்டன் பார்த்துவிட்டான்.

'வெர்ன்,' என்றான்.

நெப்ராஸ்காவிலிருந்து அறுநூறு மைல்,
இரண்டு மோட்டல், இரண்டு காலையுணவு,
எதிலும் செலவழிக்காமல் வைத்திருந்த சொல்.

வெர்ன் தூண்டிலைப் பார்த்திருக்க வேண்டும்.
திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

அவன் கோலைத் தூக்கும்போது
மீன் துப்பிவிட்டுப் போயிருந்தது.
முள்ளில் பாசி இழை ஒன்று,
சொட்டிக்கொண்டு.

'எவ்வளவு பெரிசு?'
'தெரியலை. உன் நரம்பைத்தான் பார்த்தேன்.'

காற்று ஓய்ந்து, இரவின் குளிர் நீருக்குப் பழகிவிட்டால்
சனிக்கிழமை மீன் மேலே வரும், இருக்க முடியுமா என்றேன்.
முடியாது, என்றார்கள்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
வாடகையை ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள்,
சில்லறைவரை எண்ணி.
மீன் கிடைக்காத நாளுக்கும் முழு வாடகைதான்,
பலகையில் எழுதியே இருக்கிறது.

கடையில் ஐலா கேட்டாள்,
'ஏதாவது?'
ஒன்று துப்பிற்று, என்றேன்.
'இந்த வானத்துக்கு,' என்றாள்,
'அதுவே அதிகம்.'